திறந்த மென்பொருள் மாநாடும் நம் இளைஞரும்

 

வலைத்தளம் அமைக்கும் தொழிலில் நம் பிள்ளைகள் சிலர் இன்று அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் நால்வர் ஐவராகக் கூடி ஒரு திறந்த மூல மென்பொருள் மாநாட்டிற்குச் சென்றுவர விரும்புகின்றனர். "அங்கே சென்றால் சான்றிதழ் உண்டா? சம்பளம் உயருமா? அதற்கு ஏன் இத்தனை செலவு?" என்று வீட்டார் வினவுகின்றனர். வினா நியாயமானதே. ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவிடும் இல்லங்களில் எழும் வினாவை நாம் எள்ளுவதற்கில்லை. ஆயினும் அங்கே நடப்பது யாது என்று அறிந்த பின்னரே விடை கூற இயலும். ஆதலின், நன்கு அறியப்பட்ட ஒரு மாநாட்டையே எடுத்துக்கொண்டு பேச விழைகின்றோம். ட்ரூபல் என்னும் மென்பொருளுக்காக நடத்தப்பெறும் 'ட்ரூபல்கான்' மாநாடே அது.

ட்ரூபல் பிறந்த கதை சுவையானது. பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டில் பயின்ற மாணவர் சிலர், ஒரே இணைய இணைப்பைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டனர். அவர்களுள் ஒருவரான டிரீஸ் பைட்டார்ட், நண்பர்கள் செய்தி பரிமாறிக்கொள்ளச் சிறிய பலகை ஒன்றை நிரலாக எழுதினார். பின்னர் அதற்கு இணையத்தில் ஒரு பெயர் தேடியபோது, டச்சு மொழியில் சிற்றூரைக் குறிக்கும் 'டோர்ப்' என்னும் சொல்லைத் தட்டெழுத முற்பட்டு, எழுத்து இடம் மாறி 'டிராப்' என்று அடித்துவிட்டார். அதற்குத் துளி என்பது பொருள். அதுவே நன்றாயிருக்கிறதென விட்டுவிட்டார். துளியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்தே ட்ரூபல் என்னும் பெயரும் வந்தது. 2001 சனவரியில் அந்நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டார். 2009இல் அமெரிக்க வெள்ளை மாளிகையின் வலைத்தளமே சில ஆண்டுக்காலம் அதன்மேல் இயங்கத் தொடங்கியது. மாணவர் விடுதிப் பலகை சென்ற தொலைவைப் பாருங்கள்!

2005 பிப்ரவரியில் இதனை உருவாக்குவோர் சிலர் முதன்முதலாக ஆண்ட்வெர்ப்பில் நேரில் கூடினர். அதே ஆண்டில் அவர்களுடைய வழங்கிக் கணிப்பொறி சுமை தாங்காது பழுதுற்றது. பைட்டார்ட் 3,000 டாலர் வேண்டுமென்று கேட்டார். ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. முகமறியாதார் பொருள் தந்ததற்குக் காரணம் யாது? அது தங்களுடையது என்று அவர்கள் எண்ணினர். நம் கழகமும் பிடியரிசியாலும் உண்டியலாலும் வளர்ந்தது என்பதை அறிந்த உங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி மாநாட்டிற்கு வருவோம். அது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல நகரங்களில் நடந்துள்ளது. 2016 பிப்ரவரியில் நம் நாட்டிலே, மும்பை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்தது. பைட்டார்ட் ஆற்றும் தலைமையுரை உண்டு, அறிஞர் சொற்பொழிவுகள் உண்டு, நிறுவனங்களின் கடைகளும் உண்டு. அக்கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் பனியனையும் பேனாவையும் பையில் நிரப்பிக்கொண்டு திரும்புவோரும் உளர். சொற்பொழிவுகளைப் பின்னர் ஒளிப்படக் காட்சியாகவும் காணலாம். அவற்றிற்காக மட்டும் செல்வதாயின் பயணச்செலவு வீண் என்றே சொல்வோம்.

சென்றாக வேண்டிய இடம் இரண்டு. முதலாவது, 'ஓரினப் பறவைகள்' என்று அவர்கள் வேடிக்கையாகப் பெயரிட்ட சிறு கூட்டம். இன்ன நேரத்தில், இன்ன அறையில், இன்ன பொருள் பற்றிப் பேசுவோம் என்று எவரும் குறித்துவைக்கலாம். விருப்பமுள்ளோர் வந்து சூழ அமர்வர். மேடை இல்லை, மாலை இல்லை. உங்கள் குழு தன் வேலையில் மூன்று மாதமாகத் தீர்க்க முடியாத சிக்கலை அங்கே வைத்தால், அதே சிக்கலைத் தீர்த்தவர் எதிரில் அமர்ந்திருக்கக்கூடும்.

இரண்டாவது, பங்களிப்பு நாள். இதனைச் சற்று விரிவாகச் சொல்வோம். ட்ரூபலில் உள்ள குறைகள் யாவும் ஒரு பொதுப் பட்டியலில் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் புதியோர் செய்யத்தக்கவை தனியே குறிக்கப்பட்டிருக்கும். ஒரு படிவத்தில் உள்ள கட்டத்திற்குப் பெயர்க்குறிப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். கண்ணுடையோர்க்கு அது பெரிதாகத் தோன்றாது. பார்வையற்றவர் திரையைப் படித்துக்காட்டும் கருவியைக் கொண்டு வரும்போது, அக்கட்டம் எதற்கென்று அறியாது நிற்பார். நீங்கள் அதனைத் திருத்தி அனுப்புகின்றீர்கள். உடனே ஏற்கமாட்டார்கள். வேறொருவர் அதனைத் தம் கணிப்பொறியில் இயக்கிப் பார்த்து, "இங்கே இன்னும் வேலை உள்ளது" என்று திருப்புவார். மீண்டும் திருத்துவீர்கள். இறுதியில் மற்றொருவர் "சோதித்தேன், சரி" என்று குறிப்பார். தம் திருத்தத்திற்குத் தாமே அக்குறியை இட்டுக்கொள்வது அங்கே மரபன்று. விடைத்தாளை எழுதியவனே மதிப்பெண் இடலாகாது என்று இத்தனை ஆண்டுகள் நாம் சொல்லிவந்தது இதுவேயன்றோ! அதன் பின்னரே, மூலத்தில் சேர்க்கும் அதிகாரமுள்ள மிகச் சிலருள் ஒருவர் அதனைச் சேர்ப்பார்.

பங்களிப்பு நாளில் இவையனைத்தும் ஒரே கூடத்தில் நிகழும். முதன்முறை வருவோர்க்கு அருகமர்ந்து வழிகாட்ட மூத்தோர் இருப்பர். மாலையில் புதியவர் ஒருவருடைய திருத்தத்தைத் தேர்ந்து, அவரை மேடைக்கு அழைத்து, அனைவரும் காண மூலத்தில் சேர்க்கும் வழக்கமும் உண்டு. கூடமே கைதட்டும். அன்று தொட்டு, அந்நிரல் இயங்கும் இடமெல்லாம் அவருடைய உழைப்பும் இயங்கும்.

நம் முன்னாள் மாணவர் ஒருவர் இம்மென்பொருளைக் கொண்டு ஆறாண்டு வேலை செய்தார். அதில் ஒரு பிழை அவரை நெடுநாள் வருத்தியது. ஒவ்வொரு தளத்திலும் அதனை மறைக்க ஒரு குறுக்குவழி செய்துவந்தாரேயன்றி, மூலத்தையே திருத்தி அனுப்பலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றவே இல்லை. "அதெல்லாம் பெரியவர்கள் செய்வது ஐயா" என்றார். அந்தச் சொல்தான் நம்மை இப்பேச்சிற்குத் தூண்டியது. கோயில் வாயிலில் நின்று பழகிய கால், திறந்த கதவின் முன்னும் நிற்கிறது.

இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆஞ்சி பைரன் என்னும் அம்மையார், திறந்த மூல மென்பொருளைப் பெரும் மேதைகளே ஆக்குகின்றனர் என்றெண்ணிப் பல்லாண்டு ஒதுங்கியே இருந்ததாகத் தாமே கூறியுள்ளார். 2005இல் கூகுள் நிறுவனம் மாணவர்க்கென நடத்திய கோடைத் திட்டத்தின் வழியே ட்ரூபலுக்கு வந்தார். 2011 சனவரியில் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பிற்குப் பைட்டார்டோடு பொறுப்பேற்றவரும் அவரே.

ஆனால், திறமை உள்ளவன் எவனும் அங்கே உயரலாம், வேறு தடையே இல்லை என்று நாம் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. 'திறமைக்கு மட்டுமே இடம்' என்ற பேச்சை நம்மிடம் எத்தனையோ பேர் பேசியிருக்கின்றனர். திறந்த மென்பொருளுக்கு உழைக்க ஓய்வுநேரம் வேண்டும். அந்த ஓய்வு எல்லார்க்கும் ஒப்ப வாய்ப்பதில்லை, அதுவே ஒரு சலுகை என்று பைட்டார்டே 2019இல் எழுதினார். தலைமையில் உள்ளவரே இதனை ஒப்பியது பாராட்டத்தக்கது. பணி முடிந்து வந்து தம்பிக்குப் பாடம் சொல்லி, தண்ணீர் பிடித்து வைத்து உறங்கும் பெண்ணுக்கு ஓய்வுநேரம் ஏது? அங்கே பங்களிப்பின் பெரும்பகுதி ஊதியம் தரும் நிறுவனங்களின் ஆதரவிலேயே நடக்கிறது. 2015 முதல், ஒருவர் செய்த வேலையில் அவர் பெயரோடு அவருக்கு நேரம் ஒதுக்கிய நிறுவனத்தின் பெயரையும் பதிவு செய்கின்றனர். ஆகவே இளைஞர்களே, உங்கள் மேலாளரிடம் வாரத்தில் அரைநாள் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரும் பதிவாகும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். மறுப்பவரும் இருப்பர், கேளாதிருத்தல் கூடாது.

கழகத்தாரிடம் ஒரு விண்ணப்பம். படிப்புதவி நிதியில் ஒரு சிறு பகுதியை இத்தகைய பயணத்திற்கு ஒதுக்க வேண்டும். மாநாட்டாரும் உதவித்தொகை வழங்குவதுண்டு. அதற்கு உரிய காலத்தில் எழுத வேண்டும். தனி ஒருவரை அனுப்பாது மூவரை அனுப்புங்கள், அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். தனியே சென்றவன் கூடத்தின் மூலையில் அமர்ந்துவிடுவான். மூவர் சென்றால் ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் இயக்கிப் பார்ப்பார்.

செல்வோர், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே தங்கள் கணிப்பொறியில் ட்ரூபலை நிறுவி, தளத்தில் பெயரைப் பதிந்து, பட்டியலிலிருந்து ஒரு சிறு குறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மாநாட்டுக் கூடத்தின் இணைப்பை நம்பி அங்கே போய் நிறுவ முற்பட்டால் முற்பகல் முழுதும் அதிலேயே கழியும். ஆங்கிலம் தடுமாறுமே என்று அஞ்சுவோர், கேட்க வேண்டியதை முன்னரே தாளில் எழுதிக்கொண்டு செல்லலாம். அங்கே வருவோர் பலர்க்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. திரும்பி வந்தபின், கழகக் கட்டடத்தில் ஒரு ஞாயிறு மாலை, திருத்தம் எப்படித் திருப்பப்பட்டது, எப்படி ஏற்கப்பட்டது என்று மற்ற பிள்ளைகளுக்கு இயக்கிக் காட்ட வேண்டும். அக்கூட்டத்திற்கு நாமும் வந்து முன்வரிசையில் அமர்வோம்.