ஒரு ஹார்மோனும் உத்தபுரம் சுவரும்



பச்சைப் பிள்ளை அழும் சத்தம் காதில் விழுந்ததுமே தாய்க்குப் பால் இறங்கிவிடுகிறது. பிள்ளை வாய் வைக்கக்கூட வேண்டியதில்லை. இந்த வேலையைச் செய்வது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரி வழியாக ரத்தத்தில் கலக்கிறது. ஒன்பது அமினோ அமிலங்கள், அவ்வளவுதான். அதை 1953இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பிரசவம் முடிந்ததும் உதிரப்போக்கு மிஞ்சாமலிருக்கப் போடுகிற ஊசியும் இதுதான்.

வேண்டியவர்கள் அருகில் இருக்கும்போது பதற்றம் தணிவதிலும் இதற்குப் பங்குண்டு. உறவு உடம்பைக் காக்கிறது, ஐயா! 2010இல் ஆய்வாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்று லட்சம் பேருக்கு மேல். உறவும் நட்பும் வலுவாக இருப்பவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல். ஒரு ஹார்மோனே இத்தனைக்கும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த ஹார்மோனுக்கு இன்னொரு முகம் உண்டு. அதே 2010இல் ஆம்ஸ்டர்டாமில் ஆய்வாளர் கார்ஸ்டன் டி ட்ரூ இதைச் சிலருக்கு மூக்கு வழியாகக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்குத் தம் குழுவினரிடம் நம்பிக்கை கூடியது. எதிர்க்குழுவால் ஆபத்து என்று பட்டபோது, தம்மவரைக் காக்க அந்த எதிர்க்குழுவோடு ஒத்துழைக்க மறுத்தார்கள். மூக்குவழிச் சோதனைகளைப் பற்றி விஞ்ஞானிகளிடையே சர்ச்சை உண்டு. என்றாலும் பாசம் தம்மவரோடு நின்றுவிடுவது மதுரைக்காரர்களுக்குப் புதிய சங்கதியா?

எழுமலைப் பக்கம் உத்தபுரத்தில் தலித் மக்களின் தெருக்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றதே! அதைக் கட்டியவர்களும் தங்கள் பிள்ளைகளை உயிராக நேசித்தவர்கள்தான். அந்தப் பாசம் சுவரைத் தாண்டவில்லை. 2008 மே 6 அன்று அரசு இயந்திரம் வந்துதான் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்க வேண்டியிருந்தது.

யார் நம்மவர் என்று ரத்தத்தில் எழுதியிருக்கவில்லை. வீட்டில் நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். மாற்றியும் சொல்லிக்கொடுக்கலாம். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர், அதுவரை அனுமதி மறுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டோரோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது இதே ஊரில்தானே?

தாய்மார்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அடுத்த தெருக்காரரையும் அழையுங்கள், பந்தியில் உங்கள் பக்கத்திலேயே உட்காரவையுங்கள். அவர்கள் அழைத்தால் பிள்ளைகளோடு போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.