காயம் மட்டும்தான் அடையாளமா?

(உத்திரமேரூர் ஒன்றியத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முன்பு நான் பணியாற்றிய பள்ளியில் ஓர் ஆசிரியை இருந்தார். மாலை மணி அடிக்கும் முன்பே அவருடைய கணவர் வாசலில் வண்டியோடு நிற்பார். இடைவேளைதோறும் கைப்பேசியில் அழைப்பார். "கொடுத்து வைத்தவர் டீச்சர் நீங்க" என்று கேலி செய்வோம். ஒருமுறை பிரிவு உபசார விழாவுக்கு இருநூறு ரூபாய் கேட்டபோது, "ஏடிஎம் கார்டு அவர்கிட்ட இருக்கு, கேட்டுச் சொல்றேன்" என்றார். அதையும் சிரித்துக் கடந்தோம். பல மாதங்கள் கழித்து அழுதபடி சொன்னார்: "நீங்க எல்லாரும் அதை அன்புன்னு சொன்னதால, என்கிட்டதான் ஏதோ குறைன்னு நினைச்சேன்."

அன்று முதல் அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. அடிபட்ட தழும்பை மட்டுமே தேடப் பழகியிருக்கிறோம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. உடல், பாலியல் கொடுமைகளோடு, இழிவுபடுத்திப் பேசுவது, மிரட்டுவது, செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது ஆகியவற்றையும் வன்முறை என்றே சொல்கிறது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். நம் ஓய்வறையிலும், பெற்றோர் கூட்டத்திலும் அவர்கள் இருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை: சம்பளம் கையில் தங்காமை, தாய்வீட்டுத் தொடர்பு அறுந்துபோதல், கைப்பேசியைக் கணவர் சோதித்தல், கணவர் எதிரில் பேச்சடங்குதல், அடிக்கடி "வழுக்கி விழுந்தேன்" என்பது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அக்கறையையும் அடக்குமுறையையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: அவர் "வேண்டாம்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? பதில் சொல்லப் பயந்தால், அதுவே பதில். வகுப்பில் தூங்கி விழும், வீட்டுக்குப் போகத் தயங்கும், சத்தம் கேட்டால் நடுங்கும் பிள்ளையும் அந்த வீட்டின் செய்தியைத்தான் சொல்கிறது.

நாம் என்ன செய்யலாம்? தனியே, பொறுமையாகக் கேளுங்கள். சொன்னதை நம்புங்கள். "அனுசரித்துப் போங்க" என்று சொல்லாதீர்கள். கணவரை அழைத்துப் புத்தி சொல்லவும் வேண்டாம். அன்றிரவு அதன் விலையை அந்தப் பெண்தான் கொடுப்பார். அவரது கைப்பேசிக்கு இது பற்றிச் செய்தி அனுப்பாதீர்கள். 181 மகளிர் உதவி எண்ணையும், குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் வாய்மொழியாகச் சொல்லுங்கள். சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்கு வராது என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு உறுதி தருகிறது. ஆனாலும், எப்போது என்ன செய்வது என்பதை அந்தப் பெண்ணிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

அந்த ஆசிரியை இன்றும் பணியில் இருக்கிறார். சம்பளம் அவர் கையில் இருக்கிறது. நாங்கள் சிரிக்காமல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அது இன்னும் சீக்கிரம் நடந்திருக்கும்.