கொடியில் என்ன இருக்கிறது?



நம் ஏற்காட்டுப் பவனியில் முதலில் சிலுவை, அடுத்து கொடிகள், பின்னால் சனங்கள். இந்த வரிசையை மனத்தில் வைத்து ஒரு படத்தைப் பார்ப்போம்.

ஸ்பெயின் நாட்டு ஓவியர் கோயா (1746–1828) பேனாவும் மையும் கொண்டு வரைந்த படம் மாட்ரிட் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளது. அவரது 'மத்தி மீன் அடக்கம்' என்ற வண்ண ஓவியத்துக்கு அதுவே முன்வரைவு. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று, களியாட்டத்தை முடித்து வைக்க, அவ்வூரார் வேடமிட்டு ஊர்வலம் போய் ஒரு மத்தி மீனைப் புதைப்பார்கள்.

படத்தின் அமைப்பைக் கவனியுங்கள். கீழே துறவற உடை தரித்தவர்கள் ஆடுகிறார்கள். கோடுகளில் அத்தனை வேகம். அலையும் கண்ணை மேலே உயர்ந்த கொடிதான் பிடித்து நிறுத்துகிறது. அதில் 'மோர்துஸ்' என்று எழுதியிருக்கிறது. 'மரித்தான்' என்பதற்கான லத்தீன் சொல், ஓரெழுத்துக் குறைவாக!

வண்ணம் தீட்டியபோது கோயா அச்சொல்லை அகற்றி, பல்லிளிக்கும் பெரிய முகத்தை வைத்தார். ஆட்டம் நிற்கவில்லை, கொடி மாறியது, பவனியின் பொருளே மாறிவிட்டது. மரணத்தை நினைவூட்டிய இடத்தில் இப்போது வெறும் இளிப்பு.

அன்பர்களே, பாண்டு வாத்தியமும் வேட்டும் நமக்கும் வேண்டும்தான். ஆனால் நம் கொடியில் புனிதரின் பெயரைவிட உபயகாரரின் பெயர் பெரிதானால், நாம் யாருக்குப் பின்னால் நடக்கிறோம்? ஜூபிலிப் பவனி புறப்படுமுன் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம்.