பாய்க்கோரையின் அரிய உறவுகள்

தறியோடு பழகிய ஆரணி நேயர்களே, பாவு, ஊடை என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்தமடைப் பாயில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை கோரை. பச்சையாக அறுத்த தண்டைக் காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து நெய்கிறார்கள். உயர்ந்த ரகத்துக்குப் பட்டுப் பாவும் உண்டு.

இந்தப் பாய்க்கோரை பல ஊர்களில் வளரும். ஆனால் அதன் உறவுகளில் சில, மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. எனக்குக் கவலை அவற்றைப் பற்றித்தான். புலிக்கும் யானைக்கும் பேச ஆள் உண்டு. சதுப்பில் நிற்கும் கோரைக்கு யார் பேசுகிறார்கள்?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், ஓர் இனம் உண்மையில் வாழும் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்குக் கீழே போய், வாழிடமும் துண்டுபட்டுச் சுருங்கிவந்தால், அது அழியும் நிலையில் உள்ளதாகக் கொள்ளப்படும். 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிர்களை ஆராய்ந்தபோது நீர்த்தாவரங்களையும் கணக்கில் எடுத்தார்கள். ஆராய்ந்த இனங்களில் சுமார் 16 சதவீதம் ஆபத்தில் இருந்தன.

அதே மலைத்தொடரின் நீலகிரியில் சதுப்புகளை வடித்துத் தோட்டமாக்கினோம்; புல்வெளியில் சீகையும் தைலமரமும் நட்டோம். அது பெரும் இழப்பு.

கோரையைக் கணக்கெடுப்பதும் எளிதல்ல. பல இனங்களில் தண்டை விரலிடையே உருட்டினால் மூன்று விளிம்பு தட்டும். கோரை என்று தெரிந்துவிடும். எந்தக் கோரை என்பதற்கு முற்றிய விதை வேண்டும். அதற்குள் மாடு மேய்ந்துவிட்டால், மறுபடி கதிர் வந்து விதை முற்றும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.