பெருந்தலைவர் வீட்டைப் பெருசாக்க வேண்டாம்

(காமராசர் பிறந்தநாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பெருந்தலைவர் கட்டிய பள்ளிக்கூடங்களைச் சொன்னாங்க, அணைகளைச் சொன்னாங்க. அவர் கட்டாத ஒன்றைப் பற்றி நான் சொல்றேன். வீடு.

1954 முதல் 1963 வரை முதலமைச்சர். அப்புறம் அகில இந்திய காங்கிரசுக்கே தலைவர். நேருவுக்குப் பிறகு யார் பிரதமர் என்று முடிவு செய்த இடத்தில் இருந்தவர். அவர் சென்னையில் குடியிருந்தது தியாகராய நகர் திருமலைப்பிள்ளை ரோட்டில், வாடகை வீட்டில்! 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், அந்த வீட்டில்தான் உயிர் பிரிந்தது. அதுக்கப்புறம்தான் அது நினைவு இல்லம் ஆச்சு.

விருதுநகர் வீடு இன்னும் எளிமை. 1903 ஜூலை 15-ல் அவர் பிறந்த ஊர். மகன் கோட்டையில் உட்கார்ந்த பிறகும் சிவகாமி அம்மையார் அங்கேயேதான் இருந்தார். நகராட்சி அந்த வீட்டுக்குத் தனியா ஒரு குடிநீர்க் குழாய் போட, தலைவர் கேள்விப்பட்டு எடுக்கச் சொன்னாராம். விருதுநகரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க.

இரண்டு வீட்டையும் இப்போ பராமரிப்பது அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை. நல்லது. ஆனா நம்ம ஆட்களிடம் ஒரு ஆசை இருக்கு: "தலைவர் வீடு இவ்வளவு சின்னதா இருக்கே, கிரானைட் போடணும், முகப்பை உயர்த்தணும்." பாசத்தில்தான் சொல்றாங்க, தெரியும். வேண்டாங்க! அந்தச் சின்ன அறையில் நின்னு, "முதலமைச்சரோட அம்மா இங்கேயா இருந்தாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்குது பாருங்க, அந்தக் கேள்விக்காகத்தான் வீட்டையே காப்பாத்துறோம். பளிங்குத் தரையில் நின்னா அது கேட்காது.

பழுது பார்க்க வேண்டாம் என்று சொல்லலை. எந்தப் பழைய வீட்டுக்கும் ஒழுகுற கூரையை முதலில் அடைக்கணும், மழைத்தண்ணி சுவரோரம் நிற்காம வடியணும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டின சுவர் மேல சிமென்ட் பூசக்கூடாது. ஈரம் வெளியே வர வழியில்லாம உள்ளேயே தங்கி செங்கல் பொரிஞ்சு போகும். எந்தக் கொத்தனாரும் சொல்வார். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். அளவு மாறக்கூடாது, வாசல் மாறக்கூடாது.

அவர் பயன்படுத்திய பொருள்கள், படித்த புத்தகங்கள், பழைய படங்கள் எல்லாத்துக்கும் இதே கவனம் வேணும். தாளுக்கு வெயிலும் கரையானும் எதிரி.

இதைக் கோரிக்கை மனுவா எழுதி வெச்சிருக்கோம். மேடைக்குப் பக்கத்து மேசையில் இருக்கு. போகும்போது கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.