நோயா? ஊர்ப் பேச்சா?

  

மனச்சிதைவு கண்டவரைக் காப்பாற்றுகிற குடும்பத்துக்குப் பெரும் பாரம் நோயே என்று எனக்கு முன்னாடி பேசிய நண்பர் வாதாடினார். தூங்காத ராத்திரி, மருந்துச் செலவு, உடைந்த சாமான் என்று கணக்குப் போட்டார். அதில் ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. காதில் யாரோ திட்டுகிறார்கள் என்கிறான் பிள்ளை. சோற்றில் விஷம் இருக்கிறது என்கிறான். பெற்றவள் முதல் உருண்டையைத் தான் தின்று காட்டிவிட்டு, அப்புறம் அவனுக்கு ஊட்ட வேண்டியிருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர் தனக்குச் சர்க்கரை இருக்கு என்று ஒத்துக்கொள்வார். திருட்டுத்தனமா அல்வா சாப்பிடுவார், அது வேற விஷயம்! (சிரிப்பு) இந்த நோயிலே பலருக்குத் தனக்கு நோய் இருப்பதே தெரியாது. "எனக்கென்ன? நீ சாப்பிடு மாத்திரையை!" என்பான்.

இவ்வளவையும் தாங்குகிறாளே அந்தத் தாய், அவள் எங்கே உடைகிறாள்? பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்றால் தெருவே கீழாநெல்லியோடு வந்து நிற்கும். மனச்சிதைவு என்றால் சொந்தம் வாசலோடு திரும்பிவிடும். திரும்புகிற சொந்தம் சும்மா திரும்புமா? "வளர்த்த லட்சணம் அப்படி" என்று ஒரு வார்த்தையை வைத்துவிட்டுப் போகும். நம்ம ஊர் மட்டும் இல்லை ஐயா! 1948-இல் அமெரிக்காவில் இருந்த ஃப்ரீடா ஃப்ரொம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர், தாயின் குணமே இந்த நோயை உண்டாக்குகிறது என்று பொருள்படும் ஒரு சொல்லையே எழுதிவைத்தார். பின்னால் வந்த ஆராய்ச்சி அதைத் தள்ளிவிட்டது. மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள், நம்ம மாமியார்கள் இன்னும் விடவில்லை! (கைதட்டல்)

அடுத்து ஊர் எழுதிக் கொடுக்கிற மருந்து கல்யாணம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று பழமொழி இருக்கிறது. முட்டுச்சந்துக்குச் சொன்ன கேலி அது. நம்ம ஆட்கள் முன்பாதியை மட்டும் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டு முகூர்த்தம் பார்க்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பையன் மாத்திரையில் நல்லபடியாக இருந்தான், வேலைக்கும் போனான். பெரியம்மா சித்தப்பா எல்லாரும் சேர்ந்து சொல்லாமல் மறைத்துக் கல்யாணம் பண்ணிவைத்தார்கள். புது மருமகள் கண்ணில் பட்டால் கேட்பாளே! மாத்திரை நின்றது. மூணாம் மாசம் மறுபடி குரல் கேட்க ஆரம்பித்தது. அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. இந்தப் பையனின் தங்கைக்கு வந்த வரனும் தட்டிப்போனது. நடுவர் அவர்களே, மாத்திரையை நிறுத்தியது நோயா? ஊர் என்ன சொல்லுமோ என்கிற பயமா?

எதிரணியில் ஒருவர் லண்டன் ஆராய்ச்சி ஒன்றைக் காட்டினார். ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950-களில் தொடங்கிப் பார்த்தது. ஓயாத குறைகூறலும் கோபமும் அளவுக்கு மீறிய பொத்திவைப்பும் இருக்கிற வீட்டுக்குத் திரும்பினால், நோய் மறுபடி வருவது அதிகம் என்று கண்டார். உண்மை. ஆனால் கத்துகிற அம்மாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பத்து வருஷமா ஒரு கோவில் திருவிழாவுக்குப் போனதில்லை. ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினதில்லை. அவள் வாயில் கனிவு எங்கிருந்து வரும்? நாத்தனார் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை வந்து, "அண்ணி, நான் பார்த்துக்கறேன், நீங்க போய்க் கொஞ்சம் படுங்க" என்று சொன்னால், அதுவும் அந்தப் பிள்ளைக்கு வைத்தியம்தான்.

நாம் பாரத்தைப் பற்றிப் பட்டிமன்றம் பேசுகிறோம். சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் அதை அளந்தே பார்த்துவிட்டது. 1998-இல் அவர்கள் வெளியிட்ட அளவுகோலில் 40 கேள்விகள். நோயாளி என்ன செய்கிறார் என்பதோடு நிற்கவில்லை. பார்த்துக்கொள்கிறவரின் உடம்பு, அன்றாட வேலை, வெளியிலிருந்து கிடைக்கிற ஆதரவு எல்லாம் அதில் வருகிறது. ஆதரவு இல்லாததும் பாரத்தில் சேர்த்தி!

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. கொண்டுபோய் விட்ட குடும்பங்களைக் கல்நெஞ்சம் என்று மறுநாளே பேசினோம். அதற்கு முன்னால் ஒரு வேளைச் சோறு கொண்டுபோய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினவர் எத்தனை பேர்?

எழுபது வயசு அம்மாக்கள் டாக்டரிடம் கேட்பது, "எப்போ குணமாகும்?" என்று இல்லை. "எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?" என்றுதான். டாக்டர் பாவம், மாத்திரை எழுதுவார். அதற்குப் பதில் அவரிடம் ஏது? வெளியே பெஞ்சில் பெரிய மகனும் மருமகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள்.