ஏலம் கூறுவது யார்?

(பத்துமலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பால்மரக்காரர் கூட்டத்தில் மீனவர் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஸ்டோரிலே தராசு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது நம் கூலி. கிராணிமாரான எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். கடற்கரையில் ஏலம் கூறுபவர் யார் என்பதைப் பொறுத்தது மீனவர் கூலி. ஆகவே இது நம் கதையுந்தான்.

திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாட்டிலும், பிறகு கன்னியாகுமரிக் கரையிலும் நடந்ததைச் சொல்கிறோம். வலை வாங்கவும், மழைக்காலத்தில் அடுப்பெரியவும் வியாபாரியிடம், நம் பாஷையில் தவுக்கேயிடம், மீனவர்கள் முன்பணம் வாங்குவார்கள். வட்டி கேட்கமாட்டார், பரம நல்லவர்! ஆனால் பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே போடவேண்டும்.

மரியநாட்டார் சங்கம் கண்டு, தங்கள் ஆளை வைத்தே ஏலம் கூறினார்கள். விற்ற பணத்தில் சிறு பங்கு கடனுக்கும் சேமிப்புக்கும் பிடிக்கப்பட்டது. மீன் கிடைக்காத நாளில் பிடித்தமும் இல்லை. கடலுக்குப் போகிறவரே அங்கத்தினர், வியாபாரிக்கு இடமில்லை. இப்படிப் பரவிய கிராமச் சங்கங்களுக்கு 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஏற்பட்டது.

1991-இல் இந்திய அரசாங்கம் சந்தையைத் திறந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்த ஆழ்கடல் கப்பல்களுக்கு லைசென்சு கொடுத்தார்கள். கரையோர மீனவர் 1994-இல் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். 1996-இல் முராரி கமிட்டி அந்த லைசென்சுகளை ரத்துச் செய்யும்படியே சிபாரிசு செய்தது. கண்ணுக்குத் தெரிந்த பகை, எதிர்க்க முடிந்தது.

தெரியாத பகை வேறு. ஏற்றுமதியால் இறாலுக்கும் கணவாய்க்கும் நல்ல விலை வந்தது. அதை நாம் மறுக்கவில்லை. சந்தை முழுவதும் கேடு என்பது மேடைப் பேச்சுக்கு அழகு, அவ்வளவுதான். ஆனால் 1980-களில் படகுக்கு எஞ்சின் வந்தது; கூடவே எண்ணெய்ச் செலவும் வந்தது. சங்கத்தால் கொடுக்க இயலாத பெருந்தொகையை வியாபாரி நீட்டுவார். வாங்கியவருடைய மீன் சங்கத்து ஏலத்துக்கு வராது. மீன் வராவிட்டால் பிடித்தம் இல்லை. பிடித்தம் இல்லாவிட்டால் அடுத்தவருக்குக் கடன் கொடுக்கப் பணமில்லை. அவரும் வியாபாரி வீட்டுக்கே நடப்பார். சட்டம் ஒன்றுமே மாறாமல் சங்கம் இப்படிக் கரைந்துபோகும். அரசாங்க மானியம் வாங்குவதற்கென்றே ஏட்டில் பிறந்த சங்கங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். மானியம் நின்றால் அவற்றின் கதவும் மூடும்.

தோட்டத் துண்டாடல் காலத்தில் நம் பாட்டன் பாட்டிமார் 1960-இல் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் காசு சேர்த்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். மீனவர் கடலை விலைக்கு வாங்க முடியாது. அவர்களுக்கு உள்ளது அந்த ஏலம் ஒன்றே.

வரும் மாதம் நமது கூட்டுறவுக் கடைக் கணக்கைப் பார்க்கப்போகிறோம். லாபத்தைப் பிறகு பார்க்கலாம். வெளியே கடன் பட்டிருக்கும் அங்கத்தினர் எத்தனை பேர் என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.